உறை பிரிக்காத படகு

அப்பா படகு வாங்கியது பிப்ரவரியில். ஏரி கல்லாக உறைந்து, அதன் மேல் லாரி ஓடிக்கொண்டிருந்த மாதம். மினசோட்டாவில் பழைய படகு மலிவாகக் கிடைப்பது அப்போதுதான். தண்ணீரில் விட்டுப் பார்க்க முடியாது, அதனால்தான் மலிவு.

படகு என் தம்பி லார்ஸுக்காக. அம்மா டேரலைக் கல்யாணம் செய்துகொண்டு டெக்சஸ் போனபோது அவனையும் கூட்டிப்போனாள். நான் அப்போதே பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவள். என்னை அப்பாவிடம் விட்டுவிட்டார்கள்.

ஜூனில் அவர்கள் எங்கள் ஏரியின் எதிர்க்கரையில் ஒரு வாரம் வீடு எடுத்துத் தங்குவதாக ஏற்பாடு. வாரக் கடைசியில் லார்ஸே சொல்ல வேண்டும், கோடை முழுக்க அப்பாவோடு இருக்கப் போகிறானா, டெக்சஸுக்கே திரும்புகிறானா என்று. போன கோடையில் போனிலேயே முடித்துவிட்டான்.

"அங்க வந்து என்னப்பா பண்றது? தூண்டிலப் போட்டுட்டு மீன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கணும். டேரலோட போட் பின்னால இழுத்துட்டுப் போற பலகையில நின்னா எவ்ளோ உயரம் குதிக்கலாம் தெரியுமா?"

அப்பா பனிக்கட்டி மேல் வைத்து மீன் பிடிக்கிற குடிலையும் பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைலையும் விற்றுப் படகுக்குப் பணம் சேர்த்தார்.

படகுக்காரர் ஆரின், ஓய்வு பெற்ற பல் டாக்டர். நானும் கூடப் போயிருந்தேன். எங்கள் ஊரில் யார் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம். மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் வளர்ப்பு சரியில்லாதவன். காபியும் அப்படித்தான் வந்தது.

"காபி குடிக்கிறீங்களா?"

"ஐயோ, வேண்டாங்க."

"போட்டு வச்சதுதாங்க."

"உங்களுக்கு ஏன் சிரமம்."

"கீழதான் கொட்டணும்."

"அப்படின்னா ஒரு அரைக் கப்."

பிறகு கொட்டகைக்குப் போனோம். படகு குளிர்காலத்துக்காக வெள்ளை பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கமாக, பெரிய முட்டை மாதிரி இருந்தது. குடும்பமே ஏறலாம், பின்னால் பலகைக்காரனை இழுக்கலாம், ஒரு கீறல் இல்லை என்றார் ஆரின். அலமாரியிலிருந்து கத்தியை எடுத்தார்.

"உறைய வெட்டிக் காட்டட்டுமா?"

"சேச்சே, வேண்டாங்க. மறுபடியும் சுத்தணும், உங்களுக்கு வீண் வேலை."

"சரி." கத்தியை அலமாரியிலேயே வைத்தார். "உள்ள போவோமா? குளிருது."

அப்பா நகரவில்லை. கத்தியைப் பார்த்துக்கொண்டு, ஆரின் மறுபடி கேட்பார் என்று நின்றார். ஆரின் விளக்கை அணைத்தார்.

"இஞ்சின்ல தண்ணியெல்லாம் வடிச்சாச்சுங்களா?" என்று இருட்டில் அப்பா கேட்டார். ஏரித் தண்ணீரை உறிஞ்சித்தான் அந்த இஞ்சின் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். முதல் உறைபனிக்கு முன் அதை வடிக்காவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து இரும்பையே பிளந்துவிடும்.

"வருஷா வருஷம் என் கையாலதாங்க வடிக்கிறேன்."

பனி உருகிய பிறகும் அப்பா உறையைப் பிரிக்கவில்லை. முதல் வெட்டு லார்ஸ் கையால்தான் என்றார். எதிர்வீட்டு நார்ம் தினமும் வேலியோரம் வந்து அப்பாவைப் பேர் சொல்லிச் சீண்டுவார்.

"என்ன வெர்லின், உள்ள போட்தான் இருக்குன்னு யாராவது எழுதிக் குடுத்தாங்களா? செத்த மாடா இருந்துடப் போவுது."

"உன்ன விட அது அழகா இருக்கும் போ."

ஜூனில் லார்ஸ் வந்தான். ஓர் அடி வளர்ந்திருந்தான். கத்தியால் உறையை ஒரே இழுப்பில் கிழித்தான். எலி மூத்திர நாற்றம் வந்தது, ஓர் இருக்கையில் பஞ்சு வெளியே தள்ளியிருந்தது. ஆனாலும் படகு பளபளத்தது. "அப்பா, இது நெஜமாவே நம்மளுதா?" என்று கேட்டான். அப்பா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

தண்ணீரில் விட்டதும் இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. அப்பா ஓட்டினார். பின்னால் பலகையில் வருகிறவனைப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. லார்ஸ் எழுந்து நின்றான். அலையைத் தாண்டிக் குதித்தான், ஒரு கையை விட்டுக் காட்டினான். "நிக்கிறான்" என்றேன். "இன்னும் நிக்கிறானா?" என்றார் அப்பா. "நிக்கிறான்."

அப்புறம் எச்சரிக்கை மணி அலறியது. இஞ்சின் மூடியின் இடுக்கில் ஆவி வந்தது. ஏரி நடுவில் இஞ்சின் நின்றது. லார்ஸ் நீந்தி வந்து ஏறுவதற்குள் அப்பா எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்துவிட்டார். எண்ணெயில் தண்ணீர் கலந்து, பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. இரும்பு பிளந்திருக்கிறது. யாரும் எதையும் வடிக்கவில்லை.

அப்பா அங்கிருந்தே ஆரினுக்குப் போன் செய்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"அன்னைக்கே வெட்டிக் காட்டட்டுமான்னு கேட்டேனே வெர்லின். நீங்கதானே வேண்டாம்னீங்க." ஆரினின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒரு தடவதானே கேட்டீங்க," என்றார் அப்பா.

ஆரின் போனை வைத்துவிட்டார்.

டேரல் வாடகைப் படகில் வந்து சேர்ந்தான். பக்கத்தில் அம்மா, பெரிய கறுப்புக் கண்ணாடியோடு.

"என்ன வெர்லின், ரிப்பேரா? நல்லவேளை, நடு ஏரியிலயே நின்னுச்சு. எந்தக் கரைக்கும் சம தூரம்." அவனே சிரித்தான். கயிற்றை எங்கள் படகின் மூக்கில் கட்டினான். "லார்ஸ், பலகையத் தூக்கிக்கிட்டு இங்க வா. இன்னும் ரெண்டு மணி நேரம் வெயில் இருக்கு."

லார்ஸ் எழவில்லை. துண்டுக்குள் நடுங்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தான்.

"போட் இல்லன்னாலும் பரவாயில்லப்பா. நான் லீவு முழுக்க உங்கூடவே இருக்கட்டுமா?"

அப்பாவின் முகம் மலர்ந்தது. நான் அதைப் பார்த்தேன். வாயோ வழக்கம் மாறாமல் வேறு சொன்னது.

"அட, வேண்டாம்டா. இங்க என்ன இருக்கு உனக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

டெக்சஸில் யாரும் மூன்று தடவை கேட்பதில்லை போலிருக்கிறது. லார்ஸ் உதட்டைக் கடித்தான். "சரி," என்றான். பலகையைத் தூக்கிக்கொண்டு அந்தப் படகுக்குத் தாண்டினான்.

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"சும்மா இரு. கரைக்குப் போனதும் மறுபடி கேப்பான்."

அம்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

"சிக்ரிட், நீயும் இதுல வாயேன்? அப்படியே எங்களோட ஊருக்கும் வந்துடேன்."

நான் பாதி எழுந்துவிட்டேன். "இல்லம்மா, பரவால்ல," என்றேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு டேரல் பக்கம் திரும்பினாள். "கிளப்பு," என்றாள்.

கயிறு விறைத்தது. எங்கள் படகு அசைந்து அவர்கள் பின்னால் போனது. நான் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் டெக்சஸ்காரி இல்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஏரிக்கரையில்தான்.