வகுபடாத பிறந்தநாள்

நாளை என் கணவர் இறந்த நாற்பதாம் நாள். போர்சோக் பொரிக்க மாவு பிசைந்து வைத்துவிட்டேன். கல்லறைக் கல்லில் என்ன வெட்டுவது என்று கேட்க அவர் தம்பி ஜுமாஷ் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"பேரு, வருஷம் எல்லாம் சரி அண்ணி. அந்த நம்பரும் வேணும்ல? அதைச் சொல்லாம அண்ணன் ஒரு விருந்தை விட்டிருப்பாரா!"

17061959. எங்கள் ஒரே மகள் அய்கானிஷ் பிறந்த நாள், மாதம், வருடம். ஒன்பது வயதில் அவள்தான் கேட்டாள்: "அப்பா, என் நம்பர் பகா எண்ணா?" அப்பாவும் அம்மாவும் ஃப்ரூன்சே நகரில் கணக்கு ஆசிரியர்கள். வேறென்ன கேட்பாள் பிள்ளை?

அந்த எண்ணின் வர்க்கமூலம் 4130 சொச்சம்; அதுவரை வகுத்துப் பார்க்க வேண்டிய பகா எண்கள் ஐந்நூற்றுச் சொச்சம். எதனாலும் வகுபடவில்லை என்றால் அதுவும் பகா எண். ஒன்றிலும் ஒன்பதிலும் முடிபவை அவருக்கு, மூன்றிலும் ஏழிலும் முடிபவை எனக்கு. நான் 887-க்கு வந்தபோது அவளுக்குக் காய்ச்சல். நான்காம் நாள் போய்விட்டாள்.

அவர் நிறுத்தவில்லை. "பிள்ளை கேட்டுட்டுப் போயிருக்கா. பதில் சொல்லணும்ல?" என்றார். எனக்கோ அந்த எண்ணைப் பார்க்கவே முடியவில்லை. மிச்சப் பக்கங்களில் வகுக்காமலேயே "மீதி உண்டு" என்று வரிசையாகக் குறித்து, "ஒண்ணாலயும் வகுபடல" என்று நோட்டை நீட்டினேன். அன்றுதான் அவர் வாய்விட்டு அழுதார்.

"பாத்தியா பூர்மகான், நம்ம பொண்ணை யாராலயும் உடைக்க முடியாது."

முப்பது வருடம், ஒவ்வொரு ஜூன் பதினேழுக்கும், வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். நான் தேநீர் ஊற்றும் சாக்கில் தலையைக் குனிந்துகொள்வேன்.

பொய்யாக இருந்தால்? கல்லில் வெட்ட மனம் வரவில்லை. ஜுமாஷுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, உள்ளறையில் ஒரு தாளை எடுத்து 887-இலிருந்து வகுக்கத் தொடங்கினேன். பத்தாவது கணக்கு 1013. மீதி பூஜ்யம். ஈவு 16843. இன்னொரு முறை போட்டேன். பூஜ்யமேதான்.

பெட்டியிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். 1013-க்கு எதிரே "மீதி உண்டு" என்ற என் எழுத்து. அதன் கீழே பென்சிலில், பொடியாக, "16843". அவர் கையெழுத்து. பக்கத்தில் தேதி. நான் நோட்டைக் கொடுத்த மறுநாள்.

பாவி மனுஷா! மறுநாளே தெரிந்திருக்கிறது. என்னைக் காட்டிக்கொடுக்காமல் முப்பது வருடம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சேர்ந்து அழுதிருப்போமே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன அண்ணி, யாராலயும் வகுக்க முடியாத நம்பர்தானே? வெட்டிடவா?"

"ஆமாடா, யாராலயும் முடியாது," என்றேன். "பெருசா வெட்டு."

முதல் பொய் எனக்காகச் சொன்னது. இது அவருக்காக.