பதினோராவது நாள்

டோக்கன் ஏழு என்று கூப்பிட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். அதுவரை பெஞ்சின் இரண்டு முனைகளிலும், நடுவில் மூன்று பேர் தாராளமாக உட்காரும் இடத்தை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி அவர்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏழு யாரு, நீங்களா, அவரா?" என்றார். "ரெண்டு பேரும்தான்" என்றாள் அவள். அவன் வழக்கம்போல் தலையை மட்டும் ஆட்டினான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவனுக்கு.

கட்டடம் ஒரு காலத்தில் தபால் நிலையமாக இருந்தது. இப்போது சனிக்கிழமை காலைகளில் அந்தப் பேட்டைவாசிகளுக்குக் குடும்ப வழக்குகளுக்கான இலவச உதவி மையம். பத்து வருடம் முன்பு இந்தப் பக்கம் ஆட்டோக்காரர்கள்கூட வரத் தயங்குவார்கள். பிறகு பாரம்பரியக் கமிட்டி வந்தது. தெருவுக்குக் கருங்கல் பாவி, சுவர்களுக்கு வண்ணம் அடித்து, மூலைக்கு மூலை காபிக் கடை திறந்ததும் இடத்துக்கு மவுசு கூடிவிட்டது. வாசலில் கோலப்பொடி டப்பாவை வைத்துவிட்டு உள்ளே போய் வருவதற்குள் யாராவது நம் கதவுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கமிட்டியின் உத்தரவுப்படி பழையது எதையும் கழற்றக் கூடாது. அதனால் வக்கீலம்மா உட்காரும் கவுண்டரின் தலைக்கு மேல் 'பார்சல்' என்ற பலகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. தாம்பத்தியம் முறிந்தவர்களெல்லாம் அதற்குக் கீழேதான் வரிசையில் நிற்க வேண்டும்.

அந்தக் கமிட்டியால்தான் அவர்கள் பிரிந்தும் பிரியாமல் இருந்தார்கள். வீடு அவன் அப்பா வாங்கிப்போட்டது. கீழே ஒரு அறையும் சமையற்கட்டும், மேலே ஒரு அறை, நடுவில் மரப்படி. பிரிவது என்று பேசி முடித்த அன்றே குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, பக்கவாட்டில் தனி வாசல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு எழுதினார்கள். பழைய அமைப்பை மாற்றக் கூடாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. வெளியே குடிபோகலாமென்றால், காபிக் கடைகள் வந்த பிறகு அந்த வட்டாரத்து வாடகை இருவரின் கைக்கும் எட்டவில்லை. ஆகவே அவள் கீழே, அவன் மேலே. அடுப்பு ஆறிலிருந்து ஏழு வரை அவனுக்கு, ஏழுக்கு மேல் அவளுக்கு. ஒரு வீட்டைப் பிரிக்கக் கூடாது என்கிறது ஒரு சட்டம். ஒரு வருடமாவது பிரிந்திருந்தால்தான் விவாகரத்து என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் பதின்மூன்று மாதம் படி ஏறி இறங்கியாகிவிட்டது.

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமே. அடித்தான், குடித்தான் என்றால் அக்காவிடம் சொல்வதற்காவது சுலபமாக இருந்திருக்கும். அவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இருட்டுக் குழிகளுக்குள் கம்பிவடத்தோடும் கிரீஸோடும் கிடப்பவன். கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஊமைக்கோட்டான்'. குழந்தைக்காக நான்கு முறை சிகிச்சை பார்த்தார்கள். நான்காவதும் கலைந்துபோன அன்று, மருத்துவமனை நாற்காலியில் அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். அழுதிருக்கலாம், யாரையாவது திட்டியிருக்கலாம், அவளையே திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அவன் அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "சரி, கிளம்பலாம்" என்றான். மருந்துக்கடைக் கவுண்டரில் நின்று ஊராரின் நோவையெல்லாம் கேட்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் அவள். வீட்டில் இருந்த ஒரே மனிதனின் நோவு என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்கு ஏங்கி ஏங்கியே அவள் ஓய்ந்துபோனாள்.

இன்று கையெழுத்து ஆகிவிட்டால் அடுத்த வாரம் அவள் அக்கா ஊருக்குப் போகிறாள். அங்குள்ள கிளையில் வேலை மாற்றம் கிடைத்துவிட்டது. அக்கா அறையை ஒழித்துக்கூட வைத்துவிட்டாள்.

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, இருமல் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கியபடி படிவத்தைப் புரட்டினாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே கதவு நம்பர் போட்டிருக்கீங்க."

"ஒரே வீடுதான் மேடம். நான் கீழ, அவர் மேல."

"இந்தப் பேட்டையில பாதிப் பேர் அப்படித்தான் வர்றாங்க. ஆனா ஜட்ஜ் கேப்பாங்க. சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடப்போறீங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இந்த ஒரு வருஷத்துல புருஷன் பொண்டாட்டியா ஒண்ணா இருக்கலையே? ஒரு நாள்கூட?"

"இருந்திருந்தா என்ன ஆகும் மேடம்?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமே என்று அவளுக்குத் தோன்றியது.

"அந்த நாள்லேருந்து மறுபடி ஒரு வருஷம் எண்ணணும்."

ஐந்து மாதம் முன்பு, கமிட்டி ஆட்கள் மேல் அறையின் உளுத்துப்போன உத்தரத்தை மாற்ற வந்தார்கள். அவன் ஐந்தாம் தேதி பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தான். முதல் மூன்று நாள் துணி அலமாரியை நகர்த்தி நடுவில் நிறுத்தி வைத்திருந்தார்கள். நான்காம் நாள் மழை. பிரித்துப்போட்ட கூரை வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ் அறையிலும் முக்கால்வாசி ஒழுகியது. நனையாமல் இருந்த மூலையில் இரண்டு பாய்க்கு இடமில்லை. மறுநாளிலிருந்து ஒரே பாத்திரத்தில் சமைத்தார்கள். அவன் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நார் எடுத்து, சுளை சுளையாக அவள் தட்டில் வைத்தான். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வேலையாட்கள் வராத ஒரு மத்தியானம், அவளுடைய கழுத்தடியில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருந்தான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானா என்று குனிந்து பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது, பார்க்கவில்லை. மேலே வேலை முடிந்த பிறகு அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பப் போனான். அடுப்பு மறுபடி ஆறிலிருந்து ஏழு வரை அவனுக்கு, ஏழுக்கு மேல் அவளுக்கு. அக்காவிடம்கூட அவள் மூச்சுவிடவில்லை.

"இல்ல மேடம்" என்றாள் அவள். குரல் சரியாகத்தான் வந்தது. "ஒரு நாள்கூட இல்ல."

வக்கீலம்மா எழுதத் தொடங்கினாள்.

"இருந்தோம்" என்றான் அவன். பேனா நின்றது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் கவுண்டரின் மரச்சட்டத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான். அதில் யாரோ எந்தக் காலத்திலோ கோந்து சிந்திய கறை இருந்தது.

"அஞ்சு மாசத்துக்கு முந்தி. அஞ்சாம் தேதிலேருந்து பதினாலாம் தேதி வரைக்கும். பத்து நாள்." விரலால் கறையைச் சுரண்டினான். "அதை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட என்னால முடியாது."

ஒன்பது வருடத்தில் அவன் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கோபம்தான் வந்தது. பேசுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு? மருத்துவமனையில் பேசியிருக்கலாம். சமையற்கட்டில், படியில், எங்கே வேண்டுமானாலும் பேசியிருக்கலாம். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, சத்தியம் செய்யப்போகும் நேரத்தில்தானா?

வக்கீலம்மா மிட்டாயை மறு கன்னத்துக்கு மாற்றினாள். "மேடம், சார் சொல்றது சரியா? கடைசி நாள் பதினாலுன்னு குறிச்சுக்கட்டுமா?"

ஆமாம் என்றால் ஆமாம். இல்லை என்றால் இல்லை. இப்போதுகூட அவளால் மறுத்துவிட முடியும். அவன் மல்லுக்கு நிற்கிறவன் இல்லை. இன்னொரு முறை வாயைத் திறக்க மாட்டான். அக்கா தன் ஊர் ஸ்டேஷனில் காத்திருப்பது போலக் கண்ணில் வந்து நின்றாள்.

"பதினாலு இல்ல" என்றாள். "பதினஞ்சு."

அவன் நிமிர்ந்தான்.

"மேல வேலை பதினாலாம் தேதி சாயங்காலமே முடிஞ்சிருச்சு. பெயின்ட் வாசனைல தலைவலிக்குது, இன்னும் ஒரு நாள் கீழயே இருந்துக்கறேன்னு சொன்னார். மறுநாள் துணி காயப்போட நான் மேல போனேன். அங்க பெயின்டே அடிக்கல மேடம். நான் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல." அவள் கைப்பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பதினோரு நாள்."

அவன் காது மடல் சிவந்துபோயிற்று.

வக்கீலம்மா இருவரையும் பார்த்தாள், படிவத்தையும் பார்த்தாள். பிறகு அதன் குறுக்கே ஒரு கோடு போட்டு, ஓரத்தில் தேதியைக் குறித்து, கோப்பில் சொருகினாள். "இன்னும் ஏழு மாசம் இருக்கு. அப்பவும் வேணும்னா வாங்க. நடுவுல மறுபடி ஒண்ணா இருந்தா, அதையும் வந்து சொல்லணும்" என்றாள். அதை அவள் கறாராகத்தான் சொன்னாள். எட்டாம் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. நீலக் கதவு ஒன்றின் முன்னால் நின்று ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்ததால் இருவரும் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியிருந்தது. அக்காவுக்கு என்ன சொல்வது என்று அவள் யோசித்தாள். ஒன்றும் ஓடவில்லை. எதிர்ப்புறக் கடையில் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒரு மேஜை காலியாக இருந்தது.

அவன் அதைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"டீ குடிச்சா, அதுவும் கணக்குல சேருமா?"

கிண்டல் செய்கிறானா என்று அவள் பார்த்தாள். இல்லை, தெரியாமல்தான் கேட்கிறான். அவளுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் திரும்பி, சாலையோரத்தில் நின்றபடியே, வக்கீலம்மா உட்கார்ந்திருந்த பழைய தபால் நிலையத்தின் ஜன்னலைப் பார்த்தார்கள்.