ஆறு டேப் ரெக்கார்டர்களும் ஒரு திறப்பு விழாவும்

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்த அவளிடம் பதினேழு டேப் ரெக்கார்டர்கள் இருந்தன. எல்லாம் தோளில் தூக்கி வைத்தால் காதே மறைந்துபோகிற பெரிய ரகம். பழைய சாமான் கடைகளிலும் வீடு காலி செய்கிறவர்களிடமும் தேடிப் பிடித்தவை. லீவு நாளில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தளர்ந்த பெல்ட்டை மாற்றி, நாடா உரசும் ஹெட்டைத் துடைத்து, பாடவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பதினேழும் பாடும். "எனக்குப் பதினேழு மச்சினிங்க" என்று கணவன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

கணவனின் தம்பி காபிக் கடை திறக்கப்போகிற நேரம் வந்து நின்றான்.

"அண்ணி, ஆறு பெட்டி குடுங்க. அலமாரியில வெச்சா கடையே களை கட்டும். ஒரே மாசம், பத்திரமா திருப்பித் தந்துடறேன்."

மனசே இல்லை. ஆனாலும் கொழுந்தன். நல்லதாகப் பார்த்து ஆறு எடுத்து, ஒவ்வொன்றின் முதுகிலும் 'தண்ணீர் படக் கூடாது, ஆன்டெனாவைத் திருகக் கூடாது' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்தாள்.

திறப்பு விழாவன்று காலை ஷிப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனாள். உள்ளே நல்ல கூட்டம். அலமாரியில் அல்ல, எதிர்ச் சுவரில் ஆறும் வரிசையாகத் தொங்கின. ஆறுக்கும் ஒரே தங்க வர்ணம். ஸ்பீக்கர் வலை, பொத்தான், அலைவரிசை முள் எதையும் விடாமல் அடித்துத் தள்ளியிருந்தார்கள். கேசட் போடும் இடத்தில் பிளாஸ்டிக் பூ.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். காலி டப்பா மாதிரி சத்தம் வந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் எங்க?"

"கனமா இருக்கு, சுவர் தாங்காதுன்னு ஆசாரி எடுத்துட்டாரு அண்ணி. பழசுதானே? புதுசா புளூடூத்து ஒண்ணு வாங்கித் தரேன்."

"பழசா? ஆறும் பாடிச்சுடா! உன் கடைக்குச் சுவர் நல்லா இல்லன்னா என் பெட்டி வயித்த கிழிப்பியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"அண்ணி, மெதுவா... வந்தவங்க பாக்கறாங்க."

"பாக்கட்டும். நல்லா பாக்கட்டும்."

கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். காபிக் கோப்பையோடு ஐம்பது பேர் வாய் பிளந்து நிற்க, ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள். கொழுந்தன் கூட்டத்தில் நின்ற அண்ணனிடம் ஓடினான். "நீயாவது சொல்லேன்!" கணவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வந்து, ஆடிய நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். "மேல ஒரு ஸ்க்ரூ இருக்கு பாரு" என்றான்.

உள்பாகங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு சாக்கில் கிடந்தன. இரண்டு நாள் மழை அதன்மேல் பெய்திருந்தது. ஒயர்களைப் பிரிக்கக்கூடச் சோம்பல்பட்டு வெட்டி எறிந்திருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுததற்காகவும் கோபம் வந்தது.

மூன்று வாரம் கணவனும் கூட உட்கார்ந்தான். இரண்டு மட்டும் உயிர் பிழைத்தன. தங்கப் பூச்சு எதில் துடைத்தும் போகவில்லை. மற்ற நாலும் உதிரிபாகத்துக்குத்தான் ஆகும். ஸ்பீக்கர் காகிதம் ஊறிக் கிழிந்திருந்தது.

கொழுந்தன் கைகூப்பும் படம் ஒன்றைப் போனில் அனுப்பியிருந்தான். அவள் பதில் போடவில்லை. ஒரு மாதம் கழித்து நேரில் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறான் என்று தண்ணீர்கூடக் கொடுத்தாள்.

"அண்ணி, சுவர்ல வரிசையா ஓட்டை ஓட்டையா அசிங்கமா இருக்கு. அந்தப் பாடாத நாலையாவது குடுங்களேன். சும்மாதானே கிடக்கு?"

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். அவள் எழுந்துபோய் வாசல் கதவை விரியத் திறந்தாள்.

"ஓட்டை அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா, அண்ணியை ஏமாத்தி வாங்கினது மாட்டியிருந்த இடம்னு சொல்லு. கிளம்பு."