வயிறு காலி

மேஸ்திரியின் முழங்கையில் நான் வீல் ஸ்பேனரால் அடித்தது தப்புதான். தலையில் அடித்திருக்க வேண்டும். நிறைசினையாக இருக்கும் நாயின் முதுகில் இரும்புக் கம்பியால் இரண்டு போடு போட்டார் மனுஷன். மூன்றாவதற்குக் கையை ஓங்கியபோதுதான் ஸ்பேனர் இறங்கியது. கம்பி ஒரு பக்கம் விழுந்தது, மேஸ்திரி ஒரு பக்கம் விழுந்தார். நாயும் சும்மா போகவில்லை. போகிற போக்கில் அவர் கெண்டைக்காலில் பல்லைப் பதித்துவிட்டுத்தான் போனது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த நாய் இங்கேயிருந்து போகணும். இல்ல, பிரஸ்ஸுக்குள்ள தூக்கிப் போட்டுடுவேன்" என்று தரையில் கிடந்தபடியே கத்தினார்.

"போடுங்க. அது பின்னாலயே உங்களையும் போடுறேன்" என்றேன்.

எங்கள் யார்டில் பழைய வண்டிகளை நசுக்கிக் கட்டியாக்குகிறோம். கிரேன் இரும்பு நகங்களால் வண்டியைக் கவ்வித் தூக்கி பிரஸ்ஸுக்குள் போடும். ஒரு குடும்பமே ஏறிப்போன கார் மூன்று நிமிடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி அளவுக்கு வந்துவிடும். அதற்கு முன்னால் டேங்கில் துளை போட்டுப் பெட்ரோலை வடிப்பது என் வேலை. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தீப்பிடிக்கும். ஒருமுறை அப்படிப் பிடித்துத்தான் என் வீட்டுக்காரரின் முகத்தில் பாதி வெந்துபோனது. அன்றிலிருந்து அவருடைய தம்பி, கிரேன் ஓட்டும் என் கொழுந்தன், என்னைக் கேட்காமல் ஒரு வண்டியையும் தொட மாட்டான்.

"அண்ணி, வயிறு காலியா?" என்று மேலே கேபினிலிருந்து கத்துவான். பெட்ரோல் வடிந்துவிட்டதா என்று அர்த்தம். நான் "காலி" என்று சொல்லிக் கையை விரித்துக் காட்டினால் தூக்குவான். கையை மூடிக் காட்டினால் நிறுத்துவான். எங்கள் யார்டில் இதுதான் சட்டம்.

நாய்க்கு சூப்பர்வைசர் என்று பேர் வைத்தவனும் அவன்தான். காலையில் முதல் வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசைவரை ஒவ்வொரு வண்டியையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். மேஸ்திரிகூட அவ்வளவு ஒழுங்காகச் சுற்றி வந்ததில்லை. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் மேஸ்திரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அடிபட்ட அன்றே அவளைக் கடைசி வரிசையிலிருந்த வெள்ளை வேனுக்குள் ஒளித்துவைத்தேன். சீட்டுப் பஞ்சைப் பிய்த்து மெத்தை போட்டேன். அந்த வேனை மட்டும் வேண்டுமென்றே வடிக்காமல் விட்டேன். என் வாயிலிருந்து காலி என்ற சொல் வராதவரை மேஸ்திரி தலைகீழாக நின்றாலும் அதை அசைக்க முடியாது. இடத்தை யாருக்கும் சொல்லவில்லை. கொழுந்தனுக்கும் சொல்லவில்லை, அவன் வாயில் எதுவும் தங்காது.

காலையும் மாலையும் பிரெட்டைப் பாலில் ஊறவைத்துக் கொண்டுபோனேன். முட்டை கொடுத்தேன். கம்பி பிளந்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. உப்புத் தண்ணீர் வைத்துக் கழுவும்போது என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்துக்கொள்வாள். பிடிப்பாள், கடிக்க மாட்டாள். வயிற்றில் கை வைத்தால் உள்ளே குட்டிகள் உதைப்பது தெரியும். எனக்கு அவள் என்றால் உயிர்.

அந்த வாரம் பூராவும் யார்டில் இதே பேச்சுதான். கொழுந்தன் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்பான். "அண்ணி, சூப்பர்வைசரம்மா வயிறு காலியா?"

"இன்னும் இல்லடா."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போது என் பல்லை நானே உடைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலையில் குட்டி போட்டுவிட்டாள். ஐந்து. ஐந்தும் உயிரோடு இருந்தன. கையெல்லாம் ரத்தமும் பிசுக்குமாகக் குழாயடிக்கு ஓடி வந்தேன். சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. பிரஸ் அலறிக்கொண்டிருந்தது. கொழுந்தன் கேபினிலிருந்து எட்டிப் பார்த்து என்னவோ கத்தினான். கடைசி வரிசையைக் காலி பண்ணச் சொல்லி மேஸ்திரி அவனிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. "வெள்ளை வேன்" என்று அவன் சொன்னது என் காதில் விழவில்லை. பேச்சின் வால் மட்டும்தான் விழுந்தது.

"...வயிறு காலியா?"

"காலி! காலிடா! அஞ்சு!" என்று கத்தினேன். ஐந்து விரலையும் விரித்து ஆகாயத்துக்கு நீட்டினேன்.

குழாயைத் திறந்து கையை நனைத்திருப்பேன். பின்னால் கண்ணாடி நொறுங்கும் சத்தம். திரும்பினால், வேனின் கூரைக்குள் நகங்கள் இறங்கியிருந்தன. தகரம் கிழிந்து, வண்டி தரையை விட்டு எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் போட்ட சத்தம் நாயின் சத்தமே இல்லை.

கையை மூடிக்கொண்டு ஓடினேன். வேன் குறுக்கே தொங்கியதால் அவனுக்கு நான் தெரியவில்லை. டேங்க் பிளந்து பெட்ரோல் என் தலையில் கொட்டியது. கண் எரிந்தது. பக்கத்தில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன் "ஐயோ" என்று கேஸ் டார்ச்சை அணைத்துவிட்டு ஓடினான். இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவி, குத்துமதிப்பாகக் கேபினைப் பார்த்து விட்டெறிந்தேன். கண்ணாடி உடைந்தது. அவன் அலறினான். வேன் ஓர் ஆள் உயரத்திலிருந்து தொப்பென்று விழுந்தது.

பின்கதவு வழியாக ஊர்ந்து நுழைந்தேன். தகரம் தோளைக் கிழித்தது. இரண்டு குட்டிகள் கிடந்த இடத்தில் நகம் இறங்கியிருந்தது. அதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்ற மூன்றையும் அவள் தன் உடம்புக்கு அடியில் போட்டு மறைத்திருந்தாள். எடுக்கக் கை நீட்டினேன். அதே மணிக்கட்டுதான். இந்த முறை அவள் பிடிக்கவில்லை, கடித்தாள். எலும்பில் பல் உரசியது. கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்தபோது கொழுந்தன் நெற்றி பிளந்து, முகமெல்லாம் ரத்தமாக நின்றான். நல்ல கையால் அவனை அறைந்தேன். திரும்பத் திரும்ப அறைந்தேன். "குருடா, பாவி, உன் கை வெளங்குமாடா?" அவன் தடுக்கவே இல்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு அழுதான்.

"நீங்கதானே அண்ணி காலின்னீங்க? கையையும் விரிச்சுக் காட்டுனீங்களே?"

ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அவள் மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு யார்டைக் கடந்து போனாள். யாரையும் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மேஸ்திரியின் அறைக் கதவு திறந்து கிடந்தது. அவருடைய மேசைக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

மறுநாள் கட்டுப்போட்ட கையில் பாலும் பிரெட்டுமாக அந்த அறை வாசலுக்குப் போனேன். மேசைக்கடியிலிருந்து பல் தெரிய உறுமினாள். இன்னோர் அடி வைத்தேன். எழுந்தே விட்டாள். நாற்காலியில் மேஸ்திரி இரண்டு காலையும் மேலே மடக்கி வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டு, மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்கேயே வச்சிட்டுப் போம்மா" என்றார். "நான் தள்ளி விடுறேன்."

தட்டை வாசலில் வைத்தேன். அவர் சுவரோரம் சாய்த்திருந்த கம்பியை எடுத்தார். அதே கம்பிதான். அதன் நுனியால் தட்டை மெதுவாக மேசைக்கடியில் தள்ளினார். அவள் கம்பியை ஒருமுறை பார்த்தாள், வாசலில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தாள். நான் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்துவிட்டுக் குடிக்க ஆரம்பித்தாள்.