மூன்று முறை

நீதிமன்ற வாசலில் நின்று பெயர் கூப்பிடுவது அவருடைய வேலை. மூன்று முறை கூப்பிட்டும் வராதவர் வராதவர்தான். இருபது வருடமாக அவர் குரல் கொடுத்தால் எதிர்ச்சாரி டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூட நிமிர்ந்து பார்ப்பான்.

அன்று கூண்டில் நின்றது அவர் பெற்ற பிள்ளை. பின்னாலிருந்து கம்பியால் அடித்து ஒருவனை முடமாக்கியவன். அதைப் பார்த்த ஒரே சாட்சி, தெருவில் துணி தேய்க்கும் அம்மாள். காலையிலிருந்து அவள் வராந்தா பெஞ்சில் காத்திருப்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஊரான் பிள்ளைகளுக்கெல்லாம் ஓங்கிய குரல், சொந்தப் பிள்ளை என்றதும் தாழ்ந்துவிட்டது. வாசலுக்குப் போய், சட்டைப் பொத்தானிடம் ரகசியம் சொல்வதுபோல அவள் பெயரை மூன்று முறை சொன்னார்.

"சாட்சி வரலைங்க ஐயா."

நீதிபதி பேனாவை எடுத்தபோது அந்த அம்மாளே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னை எப்பங்க கூப்பிடுவீங்க? போட்ட வேலை போட்டபடி கிடக்கு."

"மூணு தடவை கூப்பிட்டாச்சேம்மா" என்றார் நீதிபதி.

"இவரா? இவர் கூப்பிட்டா தெருமுனை வரைக்கும் கேக்குமே. நான் கதவுக்குப் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்."

நீதிபதி கூண்டையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு இடத்திலும் ஒரே மூக்கு, ஒரே தாடை.

அம்மாள் ஒன்று விடாமல் சாட்சி சொல்லி முடித்தாள். நீதிபதி புதிய தாள் ஒன்றை எடுத்தார்.

"அடுத்தது நீதிமன்ற அவமதிப்பு. பேரைக் கூப்பிடுங்க."

"யார் பேருங்க ஐயா?"

"உங்க பேரு. டீக்கடைக்குக் கேக்கணும்."