என் பெயரை எழுதும்போது

1
இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

2
முதல் தொடக்கம்: "இருங்காட்டுக்கோட்டை அருகே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், பழைய கோப்புகளின் வாசனையோடு..." (வேண்டாம். எங்கள் ஆவண அறையில் வாசனை கிடையாது, ஏசி உண்டு.)

இரண்டாவது: ஆவண அறை பிரவீனாவின் பொறுப்பு. எதிரிலிருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு ஒரே ஒரு தாளை எடுத்துப்போக நான் கெஞ்சியிருக்கிறேன். "அதெல்லாம் முடியாது சார், வெளிய போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்பாள். எனக்கு 'சார்'. பக்கத்து மேசை சாம்சனுக்கு மட்டும் 'சாம்'.

(நீக்கிவிட நினைத்த வாக்கியம்: சாம்சன் சிரித்தால் அழகாகத்தான் இருப்பான்.)

3
ஒரகடத்தில் இயந்திரத்தில் கை நசுங்கிய ஒரு தொழிலாளியின் கோப்பு. வீட்டில் வைத்து முடித்துவிடலாம் என்று சாம்சன் அதைப் பையில் திணித்துக்கொண்டு போனான். படப்பையில் பையை ஷேர் ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

அனுமதியில்லாமல் ஆவணம் வெளியே போனால், பொறுப்பாளர் அதை மீட்கப் பார்க்க வேண்டும். மேலே எழுதியும் தெரிவிக்க வேண்டும். சட்டம் அவ்வளவுதான். எழுதினால் சாம்சன் வேலைக்கு ஆபத்து, எழுதாவிட்டால் பிரவீனா வேலைக்கு.

இந்தக் கதையில் அவள் மறைத்துவிட்டதாகத்தான் முதலில் எழுதினேன். அவனுக்காக விதியை மீறினாள் என்றால் நிம்மதியாகப் பொறாமைப்படலாம், பாருங்கள். ஆனால் அவள் ஆட்டோ ஸ்டாண்டெல்லாம் அலைந்துவிட்டு, வெறுங்கையோடு வந்து, அறிக்கை எழுத உட்கார்ந்தாள். அழுதுகொண்டே எழுதினாள்.

எனக்கு எதிராக என்றால் அழாமல் எழுதியிருப்பாள். வயிறு எரிகிறது.

4
சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் வந்தாள்.

"சாம் எடுத்துகினு போனத நீங்க பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"அப்பவே ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவன் மாட்டட்டும்னு..." (நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. அப்படியே பாதியில் கிடக்கட்டும்.)

"பாத்துகினே சும்மா இருந்தீங்கன்னா, உங்க பேரையும் இதுல எழுதணும். யோசிச்சு சொல்லுங்க."

5
முடிவு ஒன்று: நான் எதையும் பார்க்கவில்லை என்று பின்வாங்குகிறேன். தப்பித்துவிடுவேன். சாம்சனுக்காக வந்த கண்ணீர் சாம்சனுக்கே போகும்.

முடிவு இரண்டு: கையெழுத்துப் போடுகிறேன். அவள் பேனாவை எடுத்து, அவன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதுகிறாள்.

எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆனால் அப்போது நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது. நீங்கள் பாருங்கள். அவள் கண் கலங்குகிறதா என்று பார்த்து, எனக்குச் சொல்லுங்கள்.