எறும்பு ஓட்டிய போர்டு

ஆரணியிலிருந்து சேவூர் போகும் வழியில் உள்ள ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் ஸ்மார்ட் போர்டு ஜூன் மாதம் முதல் நவம்பர் வரை மின்சாரமே இல்லாமல் ஓடியது. ஓட்டியவை எறும்புகள். கலர் வராது, சத்தம் வராது. மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தப் போர்டு ஜினமதியின் பொறுப்பில் இருந்தது. ஒன்றியத்தின் அறுபத்திரண்டு அரசுப் பள்ளிகளில் எந்த வகுப்புக்கு எந்தக் கருவி என்று திட்டம் போடுவதும், கொடுத்தது கெட்டுப்போனால் ஸ்கூட்டியில் போய் நிற்பதும் அவள் வேலை. நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து சாகும் என்பதற்காகப் பொழுது சாயும் முன்பே சாப்பிட்டுக் கை கழுவிவிடுகிற வீடு. பள்ளிக்குப் பக்கத்து அரிசி ஆலையில் மோட்டார் போடும்போதெல்லாம் மின்சாரம் எகிறி இறங்கும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் அப்படி எகிறியதில் போர்டுக்குள் இருக்கும் பவர் கார்டு கருகியது. கம்பெனி ஆள் பாலமுருகன் வேலூரிலிருந்து வந்து பின்மூடியைக் கழற்றினான். உள்ளே கறுப்பு எறும்புகள், முட்டையும் குஞ்சுமாக ஓர் ஊரே குடியிருந்தது.

"இத வெச்சிகினு நான் இன்னா மேடம் மாத்தறது? ஒரு ஸ்ப்ரே அடிச்சா பத்து நிமிசத்துல வேல முடிஞ்சிடும்."

"அடிக்க வேணாங்க. அதுங்களே போயிடும். அப்பறம் வாங்க."

"காலி பண்ணிட்டோம்னு யாரு எனக்கு போன் பண்ணுவா, எறும்பா?"

ஜினமதி மூடியைத் தானே திருகி, புகார்த் தாளில் 'நிலுவை' என்று எழுதினாள். வேறொருத்தி அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அன்றே அடிக்கச் சொல்லியிருப்பாள், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

மறுநாள் ரேணுகாதேவி டீச்சர் பழக்க தோஷத்தில், செத்துக் கிடந்த கண்ணாடியின் மேல் விரலால் ஒரு பின்னக் கணக்கை எழுதினார். விரல் போன தடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் எறும்புகள் வந்து வரிசையாக நின்றன. மதியம் அறிவியல் பாடத்தை உரக்கப் படித்தபோது இதயம் வந்தது, நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை துடித்தது. அழிப்பதுதான் கஷ்டம். டஸ்டரால் தேய்த்தாலும் தட்டினாலும் போகாது. எறும்புகளுக்கே தோன்றினால் கலையும், இல்லாவிட்டால் மறுநாள் தமிழ்ப் பாடத்தின் நடுவிலும் இதயம் அடித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு எலுமிச்சை அளவு வெல்லம் வைத்தால் போதும், போர்டு ஓடும் என்று டீச்சர் ஒரு வாரத்தில் கண்டுபிடித்தார். ஸ்டாக் நோட்டில் வெல்லத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார்.

தகராறு சென்னையில் இருந்தது. அங்கே ஓர் அலுவலகத் திரையில் ஒவ்வொரு போர்டும் ஒரு புள்ளி. நாளுக்கு நான்கு மணி நேரம் மின்சாரம் இழுத்தால் பச்சை, இழுக்காவிட்டால் சிவப்பு. ஓர் ஒன்றியத்தில் ஒரு புள்ளி சிவப்பாக இருந்தாலும் இரண்டாம் கட்டப் போர்டுகள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். ஜினமதியின் இரண்டாம் கட்டத்தில் போளூர் பக்கமுள்ள இருபது சின்னப் பள்ளிகள் இருந்தன. சிலவற்றில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஒரே டீச்சர். இருபதுக்கும் அவளே போய்ச் சுவரை அளந்து, போர்டு வரப்போகும் இடத்தில் சாக்பீஸால் கட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் கட்டத்துக்குள் யாரும் காலண்டர் மாட்டவில்லை. ஒரு பள்ளியில் பிள்ளைகள் அதன் எதிரே பாய் விரித்து உட்காரவும் தொடங்கிவிட்டார்கள்.

நவம்பர் இருபத்தோராம் தேதி வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சென்னை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று கடிதம் வந்தது. முந்தின நாள் ரேணுகாதேவி அவளை வகுப்புக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"போர்டு லைன்ல ஒரு டேபிள் ஃபேன மாட்டி வுடலாம் மேடம். மீட்டர் ஓடும், புள்ளி பச்சையாயிடும். வர்றவன் ஒயரயா புடிச்சிப் பாக்கப் போறான்?"

"அது பொய்ங்க."

"பொய்யும் சொல்ல மாட்டேன், எறும்பையும் அடிக்க மாட்டேன்னா எப்டிங்க? ரெண்டுல ஒண்ணு பண்ணித்தான் ஆவணும்."

ஜினமதி போர்டின் பக்கம் போனாள். கண்ணாடியில் விரலால் இருபது ஊர்களின் பெயரையும் ஒவ்வொன்றாக எழுதினாள். எதை இழக்கப் போகிறோம் என்று ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. எறும்புகள் இருபதுக்கும் வந்து நின்றன. அவள் கேட்காமலே ஊருக்கும் ஊருக்கும் நடுவே சாலையைப் போட்டன. எந்தத் திருப்பம், எங்கே ரயில்வே கேட், எந்தப் பாலம், எல்லாம் சரியாக இருந்தது. அழிக்க வழியில்லாததால் அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் பாலமுருகன் ஒரு கையில் புதுக் கார்டும் மறு கையில் ஸ்ப்ரே டப்பாவுமாக வந்தான். ஒன்பதரைக்கு அதிகாரியின் கார் ஆற்காடு தாண்டியதாகப் போன் வந்தது. "ஜல்தி சொல்லுங்க மேடம், கார்டு மாத்தவே அர மணி ஆவும்," என்றான். ஜினமதி போர்டின் பக்கம் திரும்பவே இல்லை. ஜன்னல் வழியே அரிசி ஆலையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணி அடித்தது. பத்து ஐந்தும் ஆனது.

"அடிங்க."

பாலமுருகன் மூடியின் துவாரங்களில் குழாயை வைத்துப் பாதி டப்பாவை அடித்துவிட்டுத் திறந்தான். உள்ளே எதுவும் இல்லை. முட்டையோடும் குஞ்சுகளோடும் ஊர் காலி செய்திருந்தது. கண்ணாடிப் பக்கம், இருபதாவது ஊரின் பெயரில் கடைசி எழுத்து மட்டும் கலையாமல் நின்றிருந்தது. அதில் நின்றவை உதிர்ந்து விழுந்தன. ஜினமதி எண்ணினாள், முப்பத்து நான்கு.

பத்து ஐம்பதுக்குப் போர்டு கலரோடும் கம்பெனிப் பாட்டோடும் எரிந்தது. மீட்டர் ஓடத் தொடங்கியது. அதிகாரி சிவகுமார் ஏழு நிமிடம் இருந்தார், டீ குடித்தார், நல்லது என்றார், போய்விட்டார். மாலைக்குள் புள்ளி பச்சையானது. ஜினமதி அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. அனுமதியான இருபதில் ஒரே ஒரு போர்டு மார்கழியில் வந்தது. மிச்சம் டெண்டரில் இருக்கிறது என்றார்கள், இன்னும் இருக்கிறது.

அதே மார்கழியில் போளூர் பக்கமிருந்து தனக்கோடி டீச்சர் போன் செய்தார். "மேடம், சாக்பீஸ்ல கட்டம் போட்டுட்டுப் போனீங்களே, அதுல இதயம் அடிச்சிகினு கீது. நல்லாத்தான் கீது. வெல்லம் வெக்கணுமாமே, எவ்ளோ வெக்கணும்?"

"எலுமிச்சங்கா அளவுக்கு வைங்க," என்றாள் ஜினமதி.

அவை நடந்து போயினவா, பஸ் ஏறினவா என்பது தெரியவில்லை. பொங்கலுக்குள் பத்தொன்பது பள்ளிகளின் கட்டங்களில் பாடம் ஓடியது. இருபதாவதில் மட்டும் எறும்பு வரவில்லை, வந்த ஒரே போர்டு அங்கே போனது.

தனக்கோடியின் பள்ளிக்கு அவள் தை மாதம் போனாள். பிள்ளைகள் சுவரில் விரல் வைத்த இடமெல்லாம் கோடு வந்தது. ஜினமதியும் ஓர் ஓரத்தில் விரல் வைத்தாள். ஸ்ப்ரே வாடை பட்டதுபோல் அந்த இடத்தை விட்டு எறும்புகள் விலகின. கையை நகர்த்தினாள், கை போன வழியெல்லாம் சுவர் வெள்ளையாகத் திறந்தது. முழு உள்ளங்கையையும் வைத்து இழுத்தபோது, மூன்று நாளாகப் போகாதிருந்த ஒரு வகுத்தல் கணக்கு சுத்தமாகப் போனது.

"அப்பாடா," என்றார் தனக்கோடி. "இத அழிக்கறதுதான் மேடம் பெரிய பேஜாரா இருந்திச்சி. நீங்க வாரம் ஒரு தபா வந்து போங்களேன்."

இப்போது வாரத்தில் மூன்று நாள் அவள் ஸ்கூட்டி போளூர் பக்கம் போகிறது. பயணப் பதிவேட்டில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'போர்டு அழித்தல்' என்று எழுதுகிறாள், மேலதிகாரி கையெழுத்துப் போடுகிறார். பள்ளிக்குப் பள்ளி சுவரில் கையை வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. பிறகு கையைக் கழுவிக்கொண்டு, பொழுது சாயும் முன் சாப்பிட வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள்.